சூழல் மாறினால் நமக்கு என்ன ஆகும்? பாறுக் கழுகிலிருந்து பவளப்பாறை வரை ஓர் எளிய விளக்கம்

"இயற்கையை அழித்தால் மனிதன் அழிவான்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கைதட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்தப் பக்கம் இன்னொரு கட்சி இருக்கிறது: "காடு போச்சு, குளம் போச்சுன்னு அம்பது வருஷமா சொல்றீங்க. மனுஷன் ஆயுசு கூடிக்கிட்டேதானே இருக்கு?"

இரண்டாவது கட்சிக்காரர் பொய் சொல்லவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70ஐத் தொட்டுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நாம் ஏரிகளைத் தூர்த்ததும் காடுகளைக் கழித்ததும் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு எப்படி?

இரண்டு கட்சியும் தாண்டிப் போகிற கேள்வி ஒன்று நடுவில் இருக்கிறது. சூழல் மாறுகிறது, சரி. அந்த மாற்றம் எந்த வாசல் வழியாக ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறது? யார் வீட்டுக்குள் முதலில் நுழைகிறது? இது தெரியாமல் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினால் அது பயமுறுத்தலாகவோ சமாதானமாகவோதான் முடியும்.

## சம்பளம் இல்லாத வேலை

ஒரு வீட்டில் பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் வாங்கி வைப்பார், பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிடுவார், சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பார், சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத வைப்பார், யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் கஷாயம் போடுவார். மாதச் செலவு எழுதும் நோட்டில் அவர் பெயரில் ஒரு ரூபாய் இருக்காது. இடுப்பு எலும்பு முறிந்து அவர் படுத்துவிட்டால்தான் நோட்டில் வரிகள் ஏறத் தொடங்கும்: வேலைக்கு ஆள், டியூஷன், வெளியில் வாங்கும் டிபன். வசதியான வீடு காசைக் கொடுத்துச் சமாளித்துவிடும். வசதியில்லாத வீட்டில் மூத்த பெண் பள்ளிக்கு லீவு போட ஆரம்பிப்பாள்.

இயற்கை செய்யும் வேலைகளும் இப்படித்தான் கணக்கில் வராமல் நடக்கின்றன. ஓர் இடத்தில் வாழும் உயிர்களும், அவை சார்ந்திருக்கும் மண், நீர், காற்று, வெயிலும் சேர்ந்து இயங்கும் அமைப்பைச் சூழல் மண்டலம் என்கிறோம். ஒரு குளமும் சூழல் மண்டலம்தான், மேற்குத் தொடர்ச்சி மலையும் சூழல் மண்டலம்தான். அது இயங்கும்போது மனிதருக்குக் கிடைக்கும் பயன்களுக்குச் சூழல் சேவை என்று பெயர். பாட்டி உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. பாட்டிக்கு நம்மீது பாசம் உண்டு, கழுகுக்குக் கிடையாது. அதற்குப் பசி, அவ்வளவுதான்.

சூழல் சேவை என்ற சொல் உலகம் முழுக்கப் புழக்கத்துக்கு வந்ததில் ஐ.நா. முன்னெடுத்த மில்லினியம் சூழல் மண்டல மதிப்பீட்டுக்குப் பெரிய பங்குண்டு. 2001இல் தொடங்கி 2005இல் வெளியான அதில் 1,360க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் சேவைகளை நான்காகப் பிரித்தார்கள். உணவு, குடிநீர், விறகு போல நேரடியாகக் கைக்கு வருபவை முதல் வகை. வெள்ளத்தைத் தாங்குவது, நோயை அடக்குவது, பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பது எல்லாம் சீராக்கும் வகை. கோயில் காடு, குளக்கரை, கடற்கரை நடை ஆகியவை பண்பாட்டு வகை. மண் உருவாவது போல மற்ற மூன்றுக்கும் அடியில் கிடப்பது நான்காவது.

இனி அந்த ஆயுள் புதிருக்கு வருவோம். மதிப்பீட்டில் 24 சேவைகளை ஆராய்ந்தார்கள். 15 சேவைகள் சீரழிந்து வந்தன. நான்கு மட்டுமே மேம்பட்டிருந்தன. அந்த நான்கில் மூன்று பயிர், கால்நடை, மீன் வளர்ப்பு. அதாவது வயிற்றுக்கு வருவதைப் பெருக்கிக்கொண்டோம், கண்ணுக்குத் தெரியாமல் காப்பவற்றைக் குறைத்துக்கொண்டோம். சோறும் தடுப்பூசியும் ஆயுளைக் கூட்டின. அந்த நேரத்தில் காப்பு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

இதுவரை பார்த்தது இது: இயற்கை சில வேலைகளைச் செய்கிறது, அவை கணக்கில் வருவதில்லை, நாம் ஒரு வகையைக் கூட்டி இன்னொரு வகையைக் குறைத்துக்கொண்டிருக்கிறோம். குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே நடந்து முடிந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

## ஒரு ஊசியும் கோடிக்கணக்கான கழுகும்

பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர்கள் இப்போது நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். 1980கள் வரை வட இந்தியாவில் அவை கோடிக்கணக்கில் இருந்தன. ஊரில் மாடு செத்தால் தோலை உரித்து எடுத்துக்கொண்டு உடலை ஊர்க்கோடியில் போட்டுவிடுவார்கள். பாறுகள் கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிஞ்சும். எலும்பைப் பொறுக்கி உர ஆலைக்கும் ஜெலட்டின் ஆலைக்கும் விற்க ஆட்கள் இருந்தார்கள். பாறின் வயிற்று அமிலம் அத்தனை கடுமையானது. அழுகிய இறைச்சியில் இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் பிழைப்பதில்லை. நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் நோய் அதோடு முடிந்துபோகும்.

1990களில் டைக்ளோஃபினாக் வந்தது. மூட்டுவலிக்கு நாம் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரை மருந்துதான். காப்புரிமைக் காலம் முடிந்து விலை சரிந்ததும் மாட்டு வைத்தியத்துக்கும் இறங்கியது. மடி வீங்கினாலோ கால் நொண்டினாலோ ஓர் ஊசி. மாடு எழுந்து நிற்கும். மாடு வைத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் அது நல்ல மருந்து. சிக்கல், ஊசி போட்டும் இரண்டொரு நாளில் செத்துப்போகிற மாட்டில் இருந்தது. அந்த உடலைத் தின்ற பாறின் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளையாகப் படிந்தது. கழுத்தைத் தொங்கப் போட்டபடி மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும், பிறகு விழும்.

ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகள் குறைவதை 1990களின் பிற்பகுதியில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். நோயா, பூச்சிமருந்தா என்று பல ஆண்டுகள் தேடினார்கள். காரணம் இந்த வலி மருந்துதான் என்று 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு நிறுவியது. அதற்குள் வேலை முடிந்திருந்தது. 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

இதில் என்னை உலுக்கிய விவரம் வேறு. பாறுகள் இந்த வேகத்தில் அழிய, நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றில் கூட மருந்து இருக்கத் தேவையில்லை. ஒன்றுக்கும் குறைவான சதவீதமே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தில் பல பாறுகள் ஒன்றாக உட்காருகின்றன. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். சாவு கொஞ்சம் கூடினாலும் பிறப்பால் ஈடுகட்ட முடியாது.

## கழுகு செத்தால் மனிதன் எப்படிச் சாவான்?

பாறு போன பிறகு சடலங்கள் கிடந்து நாறின. நாய்களும் எலிகளும் வந்தன. ஆனால் நாய் பாறு போலத் துப்புரவாகத் தின்னாது, கடிக்கும், வெறிநோயைச் சுமந்து திரியும். சில இடங்களில் சடலங்களை நீர்நிலைகளில் தள்ளினார்கள். அழுகியது தண்ணீரில் கலந்தது.

எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் இதை எண்களில் பிடித்தார்கள். அவர்கள் செய்த உத்தி எளிமையானது. முன்பு பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களையும், அவற்றுக்கு ஒத்துவராத மாவட்டங்களையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள். மருந்து மலிவாவதற்கு முன்பும் பின்பும் இரண்டு வகை மாவட்டங்களிலும் மனிதர் இறப்பு விகிதம் எப்படிப் போனது என்று ஒப்பிட்டார்கள். முதல் வகை மாவட்டங்களில் மட்டும் இறப்பு 4 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது 2024இல் வெளியான அவர்களுடைய மதிப்பீடு. இது ஆளாளாக எண்ணிய கணக்கில்லை, புள்ளியியல் மதிப்பீடு. ஆனால் வெறிநாய்க்கடி ஊசி விற்பனை கூடியதும், தண்ணீரில் மலக்கிருமி கூடியதும் அதே மாவட்டங்களில்தான் தெரிந்தன.

எண்ணிக்கையில் எவ்வளவு இருந்தாலும், தான் போனால் மொத்த அமைப்பே தடுமாறும் உயிரினத்தை ஆதார இனம் என்பார்கள். பாறு அப்படிப்பட்டது. அழகில்லை, வீட்டு மேல் உட்கார்ந்தால் அபசகுனம் என்று விரட்டுவோம். புலிக்குக் கிடைக்கும் மரியாதையில் பத்தில் ஒன்று கூட இதற்குக் கிடைத்ததில்லை. செய்த வேலை மட்டும் பெரியது.

செத்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்னொன்று விளங்கும். மூடிய தெருவில், குழாய் நீரில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவரை இந்த மாற்றம் லேசாகத்தான் தொட்டிருக்கும். கிணற்று நீரையும் குளத்து நீரையும் நம்பியவர், நாய் கடித்தால் ஊசிக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்குப் போக வேண்டியவர், இவர்கள்தான் தாங்கினார்கள். எலும்பு பொறுக்கிப் பிழைத்தவருக்கு வேலையே போனது. மும்பையில் இறந்தவர் உடலைப் பறவைகளுக்கு அளிக்கும் பார்சி சமூகம், வெயிலைக் குவிக்கும் ஆடிகளை வைத்துச் சமாளிக்க வேண்டிவந்தது. நல்வாழ்வு என்பதில் பணமும் உடல்நலமும் மட்டுமில்லை. பாதுகாப்பு, மற்றவரோடு உள்ள உறவு, தன் விருப்பப்படி வாழும் சுதந்திரம் எல்லாம் அடங்கும் என்று மில்லினியம் மதிப்பீடு சொன்னது இதனால்தான்.

ஆக, ஒரு சூழல் மாற்றம் நம்மைத் தொடுகிறதா என்று அறிய மூன்று கேள்வி போதும். எந்த வேலை நின்றது? அதை இனி யார், என்ன செலவில் செய்வார்கள்? செய்ய ஆளில்லாவிட்டால் யார் தலையில் விழும்?

## ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

மருந்து பரவத் தொடங்கியது 1994 வாக்கில். மனித மரணம் கூடியது அதன் பிறகு மெல்ல மெல்ல. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது 2024இல். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் இப்படி விழும் இடைவெளியைத் தாமதம் என்போம். எதிர்காலச் சூழல் மாற்றங்களில் பல, ஏற்கெனவே நடந்துவிட்ட காரணங்களின் பாக்கிதான். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் தடுக்கி விழுவது இங்கேதான்.

இன்னொரு காரணம் வரம்புப் புள்ளி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்த ஒன்று ஒரு கட்டத்துக்குப் பிறகு சட்டென்று சரிந்து, காரணத்தை விலக்கினாலும் பழைய நிலைக்கு ஏற மறுக்கும் இடம் அது. இதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையைச் சொல்வார்கள். பல நூற்றாண்டுகள் காட் மீன் பிடித்த கடல். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்த பிறகு 1968இல் பிடிப்பு சுமார் 8 லட்சம் டன்னைத் தொட்டது. பிறகு மீன் சரிந்தது. 1992இல் அரசு பிடிப்பதையே தடை செய்தது. 30,000 பேருக்கும் மேல் வேலை இழந்தார்கள். தடை போட்டால் சில ஆண்டுகளில் மீன் திரும்பிவிடும் என்று நம்பினார்கள். தடையை நீக்க 2024 ஆனது. அப்போதும் மீன் பழைய அளவுக்கு வரவில்லை. ஒரு தலைமுறை மீனவர் அதற்குள் வேறு மாகாணங்களுக்குப் போய்விட்டார்கள்.

## மன்னார் வளைகுடாவில் இனி

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. பவளம் பாறை போலத் தெரிந்தாலும் சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து ஊட்டுகிறது, நிறமும் அதனுடையதே. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். பவளம் வெளுத்துப்போகும். இதுதான் வெளிறல். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியில் சாகும். 2016இல் மன்னார் வளைகுடாவிலும் இது கடுமையாக நடந்தது.

புவியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரி கூடினால் உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் வரை இழப்போம், 2 டிகிரி என்றால் 99 சதவீதத்துக்கும் மேல் என்று காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2018இல் சொன்னது. மேடைப் பேச்சென்றால் இந்த எண்ணோடு நிறுத்திவிடலாம். நாம் அந்த மூன்று கேள்வியைக் கேட்போம்.

எந்த வேலை நிற்கும்? மீன் குஞ்சுகள் ஒளிந்து வளரும் இடம் போகும். அலையின் வேகத்தை உடைக்கும் தடுப்பு போகும். இரண்டாவதன் முன்னோட்டத்தைத் தூத்துக்குடிக்குப் பக்கத்து வான் தீவில் ஏற்கெனவே பார்த்தாயிற்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். தடுப்பு போனதும் அலை தீவைத் தின்னத் தொடங்கியது. 1980களின் நடுவில் 16 ஹெக்டேர் இருந்த தீவு, பிறகு ஓரிரு ஹெக்டேருக்குச் சுருங்கியது. அந்த 21இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன.

யார் செய்வார்கள், என்ன செலவில்? வான் தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையை அது மட்டுப்படுத்துகிறது, மீனும் சேர்கிறது. பவளம் தானே வளர்ந்து தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது அரசுப் பணம், படகு, கிரேன், பராமரிப்பு. ஒரு தீவுக்கு முடியும். எல்லாக் கரைக்கும்?

யார் தலையில் விழும்? கரையோரம் மீன் குறைந்தால் விசைப்படகு இன்னும் தூரம் போகும், டீசல் செலவு கூடும். நாட்டுப்படகு அவ்வளவு தூரம் போக முடியாது. தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு அந்தத் தூரம் கூடக் கிடையாது. நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கும் ஆழம்தான் அவர்களுடைய எல்லை. ஒரே கடல் சூடானாலும் மூன்று பேருக்கும் மூன்று விதமான எதிர்காலம்.

## ஜோசியமும் காட்சியும்

"அப்போ 2050இல் என்ன ஆகும், சொல்லுங்கள்" என்றால் நேர்மையான விஞ்ஞானி ஒற்றைப் பதில் தர மாட்டார். இப்படி நடந்துகொண்டால் இப்படி ஆகலாம் என்று பல எதிர்காலங்களை வரைந்து காட்டுவார். அவற்றுக்கு எதிர்காலக் காட்சிகள் என்று பெயர். பலித்ததா இல்லையா என்று ஜோசியம் போல அவற்றைப் பார்க்கக் கூடாது. எந்த முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒப்பிடவே அவை இருக்கின்றன.

மில்லினியம் மதிப்பீடு நான்கு காட்சிகளை வரைந்தது. உலக வர்த்தகம் ஒன்றாகி, வறுமையைக் குறைத்து, சூழல் கெட்ட பிறகு சரிசெய்யும் உலகம் ஒன்று. நாடுகள் வேலியை உயர்த்தித் தத்தம் பாதுகாப்பை மட்டும் பார்க்கும் உலகம் இன்னொன்று. ஊர் ஊராக மக்களே தங்கள் ஆற்றையும் காட்டையும் நிர்வகிக்கப் பழகும் உலகம் மூன்றாவது. தொழில்நுட்பத்தால் இயற்கையைப் பராமரிக்கும் உலகம் நான்காவது. வேலி போட்ட உலகத்தில்தான் நிலைமை மிக மோசமாக வந்தது. மற்ற மூன்றிலும் சில சேவைகளாவது மேம்பட்டன. தீர்மானம் கையைவிட்டுப் போய்விடவில்லை என்பதே இதன் பொருள். நாலில் எந்த உலகத்தை நோக்கி இன்று நடக்கிறோம் என்பதை நாளிதழைப் புரட்டி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

## திரும்பும் வழி எவ்வளவு நீளம்?

பாறுகள் விஷயத்தில் தீர்மானம் எடுத்தார்கள். 2006இல் இந்தியா மாட்டு வைத்தியத்துக்கு டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகளை மாட்டுக்கு உடைத்தார்கள். அதனால் 2015இல் குப்பியின் அளவையே 3 மி.லி.யாகக் குறைத்தார்கள், ஒரு மாட்டுக்குப் பல குப்பி தேவைப்பட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்ற கணக்கு. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து வலியையும் தீர்க்கிறது, பாறுகளையும் கொல்வதில்லை. ஆனால் அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென் போன்ற மற்ற வலி மருந்துகள் அந்த இடத்தில் நுழைந்தன. இந்த இரண்டையும் மாட்டுக்குத் தடை செய்ய 2023 ஆகிவிட்டது.

ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கும் மையம் இருக்கிறது. நம் பக்கத்தில் முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியும் சில நூறுதான் தேறுகின்றன. ஒரு பாறு இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஐந்து வருடம் போல ஆகும். அப்புறம் ஆண்டுக்கு ஒரு முட்டை, அதுவும் எல்லாம் பொரித்துப் பிழைப்பதில்லை. பத்துப் பதினைந்து வருடத்தில் காலியான வானம், இந்த வேகத்தில் பழையபடி நிறைய நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகும். அதுவரை நாய்க்கடி ஊசிக்கும் சடலம் புதைக்கும் குழிக்கும் ஊராட்சிகள் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.